மஸ்டரில் யார் பெயர்? பொது ஊழியரின் சங்க உரிமையும் சந்தாக் கடமையும்

திண்டுக்கல் மாநகராட்சியின் 48 வார்டுகளையும் பெருக்கி அள்ளுகிறவர்கள் காலையில் முதலில் செய்வது, மஸ்டரில் பெயர் பதிவதுதான். அன்றைய கூலி அந்தப் பதிவைப் பொறுத்தது. சங்கத்தில் சேரும் உரிமை, சந்தா செலுத்தும் பொறுப்பு, தமக்காகப் பேச்சுவார்த்தைக்குச் செல்பவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஆகிய மூன்றும்கூட இறுதியில் அந்தப் பதிவேட்டில்தான் வந்து முடிகின்றன. அது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நகரிலும் நிலக்கோட்டை, ஆத்தூர், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வரை விரியும் சமவெளிக் கிராமங்களிலும் தூய்மைப் பணியைச் சுமப்போரில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர். அவர்கள் நடுவே சங்கம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரே வகையான ஐயங்களே திரும்பத் திரும்ப எழுகின்றன. சங்கத்தில் சேர்ந்தே ஆகவேண்டுமா? சந்தா கட்டாவிட்டால் ஊதிய உயர்வு கிடைக்காதா? ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவர் மாநகராட்சி ஊழியர் சங்கத்தில் சேரலாமா? பட்டியல் சாதி ஊழியர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தால் அரசு அதை ஏற்குமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் சுருக்கமான விடை ஒன்றே: கட்டாயம் ஏதுமில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(இ) பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகிறது. அரசு ஊழியர் என்பதற்காக அந்த உரிமை ஒருவரைவிட்டு நீங்கிவிடுவதில்லை. அங்கீகாரம் பெறாத சங்கத்தில் மைய அரசு ஊழியர் சேரக்கூடாது என்று தடுத்த 4பி என்ற நடத்தை விதியை, ஓ.கே. கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இல் செல்லாதென அறிவித்தது. சேரும் உரிமை உள்ளவருக்கு விலகி நிற்கவும் உரிமை உண்டு. தொழிலாளரை மிரட்டிச் சங்கத்தில் சேர்ப்பதையும், சேரவிடாமல் மிரட்டித் தடுப்பதையும் ஒருசேர ‘நேர்மையற்ற தொழில் நடைமுறை’ என்றே தொழில் தகராறுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை வகைப்படுத்தியது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையைவிட்டு நிறுத்துவதும் அதே அட்டவணையில் வந்தது. அச்சட்டத்தின்கீழ் தவறுக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை இருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பும் அந்த அட்டவணையைத் தன்னுள் எடுத்துக்கொண்டுள்ளது.

துடைப்பத்துக்குக் கிடைத்ததும் பேனாவுக்குக் கிடைக்காததும்

பொது ஊழியர் சங்கங்கள் நம் நாட்டில் இரு தடங்களில் வளர்ந்தன. ஒன்று, 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி பதிவு பெறும் தொழிற்சங்கம். மற்றது, அரசு தன் விதிகளின்படி அங்கீகரிக்கும் ஊழியர் சங்கம். எந்தத் தடத்தில் நிற்கிறோம் என்பது தெரியாமல் உரிமைகளைப் பற்றிப் பேசுவது பயனற்றது.

மேற்கு வங்கத்தின் பட்ஜ் பட்ஜ் நகராட்சியில் தலைமை எழுத்தரும் சுகாதார ஆய்வாளரும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். நகராட்சி என்பது தொழில் நிறுவனமா என்ற கேள்வி அதிலிருந்து கிளம்பி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நகராட்சியின் துப்புரவுப் பணியில் எழும் பூசல் தொழில் தகராறே என்று 1952 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நகராட்சித் தொழிலாளர் தொழிற்சங்கமாகப் பதிவு பெறவும், தொழிலாளர் துறை அதிகாரி முன் சமரசப் பேச்சுக்கு வேலையளிப்பவரை அழைக்கவும் இத்தீர்ப்பு வழி திறந்தது.

தமிழ்நாட்டின் அரசு அலுவலர்களுக்கு இந்த வழி திறக்கவில்லை. அரசிதழ் பதிவு பெறாத அலுவலர்களின் ஒன்றியம் தன்னைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யக் கோரியபோது பதிவாளர் மறுத்தார். சென்னை உயர் நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதிசெய்தது. அத்தீர்ப்பு 1962ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அரசின் இறையாண்மைப் பணிகளைச் செய்வோர் ‘தொழிலாளர்’ ஆகார் என்பது அதன் சாரம். ஆக, தெருவைக் கூட்டும் அருந்ததியப் பெண்ணுக்குச் சட்டம் அளித்த தொழிற்சங்கத் தகுதி, வட்டாட்சியர் அலுவலக எழுத்தருக்கு அளிக்கப்படவில்லை. சாதிய ஏணியின் அடிப்படியில் நிறுத்தப்பட்டவர் கையில் வலுவான சட்டக் கருவி வந்து சேர்ந்த அரிய தருணங்களுள் இது ஒன்று. அக்கருவி எப்படி மழுக்கப்பட்டது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

அலுவலர் சங்கங்களின் எல்லை 2003இல் கடுமையாகவே உணர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஜூலை மாத வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியரையும் ஆசிரியரையும் தமிழ்நாடு அரசு வேலையிலிருந்து நீக்கியது. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை சட்டப்படியும் இல்லை, அறத்தின்படியும் இல்லை என்றது. சங்கம் வைத்துக்கொள்ளலாம், அதன் கூர்மையான ஆயுதத்தை மட்டும் தொடக்கூடாது என்ற நிலை இன்றுவரை நீடிக்கிறது.

சம்பளப் பட்டியலும் தலைக்கணக்கும்

சந்தா எவ்வளவு? 1926ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2001இல் செய்யப்பட்ட திருத்தம் குறைந்தபட்ச ஆண்டுச் சந்தாவை ஊரகத் தொழிலாளருக்கு 1 ரூபாய் என்றும், பிற அமைப்புசாராத் தொழிலாளருக்கு 3 ரூபாய் என்றும், ஏனையோருக்கு 12 ரூபாய் என்றும் வைத்தது. ஓராண்டுச் சந்தா ஏறத்தாழ ஒரு தேநீரின் விலை. இதற்கு மேல் எவ்வளவு என்பதைச் சங்கத்தின் விதிநூல் முடிவு செய்யும். 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு தொகையைத் தன்னுள் குறிப்பிடாமல் விதிகளுக்கு விட்டுவிட்டது.

எப்படிச் செலுத்துவது? கையில் கொடுத்து ரசீது பெறலாம். சம்பளத்தில் பிடித்தமும் செய்யலாம். பிடித்தத்துக்குத் தொழிலாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை ஊதியம் வழங்கல் சட்டத்தில் 1982இல் சேர்க்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பும் அதைக் கைவிடவில்லை. கையொப்பமோ கைரேகையோ இல்லாமல் ஒருவருடைய ஊதியத்திலிருந்து சங்கத்துக்காக ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஊதிய ஒப்பந்தம் முடிந்து நிலுவைத் தொகை வரும்போதும் போனஸ் வழங்கும்போதும் ‘நன்கொடை’ பிடிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதற்கும் இதே நிபந்தனைதான்.

சந்தா கட்டாதவருக்கு ஒப்பந்தத்தின் பலன் கிடைக்குமா? கிடைக்கும். சமரச அதிகாரி முன்னிலையில் 12(3) பிரிவின்கீழ் கையெழுத்தாகும் ஒப்பந்தம், அந்நிறுவனத்தின் தொழிலாளர் அனைவரையும், பின்னாளில் வேலைக்குச் சேர்பவரையும்கூடக் கட்டுப்படுத்தும் என்பதே தொழில் தகராறுச் சட்டத்தின் ஏற்பாடு. அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியர் இதை நன்கறிவர். சங்கத்தைத் திட்டிக்கொண்டே ஊதிய உயர்வைப் பெறுகிறவர்கள் எல்லாப் பணிமனைகளிலும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதே சிக்கலுக்கு நெடுங்காலம் வேறொரு தீர்வு இருந்தது. உறுப்பினர் அல்லாத பொது ஊழியரும் பேரம்பேசும் செலவுக்கான பங்கைச் செலுத்தவேண்டும் என்று பல மாநிலங்கள் சட்டம் செய்திருந்தன. 1977இல் அபூட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. இல்லினாய் மாநில அரசு ஊழியரான மார்க் ஜேனஸ் என்பவர் மாதம் 44.58 டாலர் பிடித்தத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2018 ஜூன் 27 அன்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பு கவிழ்க்கப்பட்டது. பேச்சுரிமையின் பெயரால் வந்த அத்தீர்ப்பைக் கொண்டாடியவர்களில் சங்கங்களை ஒழிக்க விரும்பியோர் மிகுதி. அங்கே போராடிப் பெறப்பட்ட ‘கட்டாமலிருக்கும் உரிமை’ இங்கே தொடக்கம் முதலே உண்டு. கட்ட விரும்புகிறவரின் சந்தா கணக்கில் ஏறுகிறதா என்பதே நம்முடைய சிக்கல்.

காரணம், இங்கே சந்தாவே தலைக்கணக்கு. மைய அரசு ஊழியருக்கான 1993ஆம் ஆண்டு ஊழியர் சங்க அங்கீகார விதிகளின்படி, ஒரு பிரிவு ஊழியரில் குறைந்தது 35 விழுக்காட்டினரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே அங்கீகாரம் பெறும். இரண்டாவது சங்கத்துக்கு 15 விழுக்காடு வேண்டும். அந்த எண்ணிக்கை சம்பளப் பட்டியலில் உள்ள பிடித்தத்தைக் கொண்டு, அதாவது செக்-ஆஃப் முறையில், சரிபார்க்கப்படுகிறது. ரயில்வே வேறு வழியில் செல்கிறது. 2007, 2013 ஆண்டுகளிலும் பின்னர் 2024 டிசம்பரிலும் அங்கே ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. எந்தச் சங்கத்துக்கும் சந்தா கட்டாதவரும் வாக்களிக்கலாம் என்பது அதன் சிறப்பு. மேலதிகாரி பார்க்கும் சம்பளப் பட்டியலில் தன் சங்கத்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை என்பது தலித் ஊழியருக்குச் சிறிய பாதுகாப்பன்று. எனவே ரகசிய வாக்கெடுப்பே மேலானது என்பது நம் கருத்து. ஆனால் திண்டுக்கல் சந்திப்பின் நடைமேடைகளைக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு அந்த வாக்கும் இல்லை. நிரந்தர ஊழியருக்கு மட்டுமே வாக்கு.

பணம் எங்கே போகிறது?

சந்தா கட்டுகிறவர் கணக்குக் கேட்கலாம். பதிவு பெற்ற சங்கத்தின் கணக்குப் புத்தகங்களையும் உறுப்பினர் பட்டியலையும் பார்வையிட உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 1926ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்தது. பொது நிதியை எவற்றுக்குச் செலவிடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அரசியல் செலவுக்குத் தனி நிதி திரட்டலாம். ஆனால் அந்த நிதிக்குப் பணம் தரும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது. தராதவரைச் சங்கப் பலன்களிலிருந்து விலக்கக் கூடாது. சேர்க்கைக்கு நிபந்தனையாகவும் அதை வைக்கக் கூடாது. இச்சட்டத்தின் 16ஆம் பிரிவை வாசித்த சங்க உறுப்பினர் மிகச் சிலரே இருப்பர். ஜேனஸ் நீதிமன்றத்தில் எழுப்பிய அரசியல் முறையீட்டின் பெரும்பகுதிக்கு இப்பிரிவு 1926இலேயே விடை வைத்திருந்தது.

அங்கீகாரம் என்னும் கயிறு அரசின் கையில் இருப்பதன் விளைவை அஞ்சல் ஊழியர் 2023இல் கண்டனர். விவசாயிகள் போராட்டத்துக்கும் தொழிற்சங்க மையம் ஒன்றுக்கும் நிதி அளித்தார்கள் என்ற குற்றச்சாட்டின்மேல், அஞ்சல் ஊழியர் தேசிய சம்மேளனத்தின் அங்கீகாரமும் அதன் ‘குரூப் சி’ சங்கத்தின் அங்கீகாரமும் ஏப்ரல் மாதத்தில் பறிக்கப்பட்டன. உறுப்பினர் எவரும் முறையிடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒரு முறையீட்டைக் கொண்டு பல்லாயிரம் பேரின் பிரதிநிதித்துவத்தையே அரசு நீக்க முடிகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறோம்.

சாதியின் பெயரில் சங்கம்

அதே 1993ஆம் ஆண்டு விதிகளில் தலித் ஊழியர்களை நேரடியாகத் தொடும் நிபந்தனை ஒன்று உள்ளது. சாதி, பழங்குடி, சமயம் ஆகியவற்றின் அடிப்படையிலோ அவற்றின் நலனுக்காகவோ அமைந்த சங்கத்துக்கு அங்கீகாரம் கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தால் சமத்துவம் பேசும் விதி. நடைமுறையில், சுழற்சிப் பட்டியலில் நடக்கும் முறைகேட்டையும், நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்களையும், பதவி உயர்வு மறுப்பையும் எழுப்புவதற்கென்றே தோன்றிய பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் அமைப்புகளுக்குச் சம்பளப் பட்டியலில் சந்தாப் பிடித்தமும் இல்லை, கூட்டு ஆலோசனை அமைப்பில் இருக்கையும் இல்லை. தொடர்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். ஆணையத்துக்கு எழுதலாம். பேரம் பேச முடியாது.

இதனால் தலித் ஊழியர் பலர் இரண்டு சந்தா கட்டுகிறார்கள். ஊதியத்துக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் பொதுச் சங்கத்துக்கு ஒன்று. சாதி இழிவு நேரும்போது துணைக்கு வரும் தன் அமைப்புக்கு மற்றொன்று. பொதுச் சங்கங்கள் இடஒதுக்கீட்டு உரிமைகளைத் தம் கோரிக்கைப் பட்டியலின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தால் இரண்டாவது சந்தாவுக்குத் தேவை எழுந்திருக்காது என்று ஒரு சங்கத் தலைவரிடம் சொன்னால் அவர் மறுக்கக்கூடும். அவருடைய சங்கத்தின் மாவட்ட நிர்வாகிகள் பட்டியலைக் கேட்டு வாங்கி வாசிப்பது நல்லது.

இந்த மனவிலகல் புதியதன்று. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் தோன்றியது. மூன்றே ஆண்டுகளில், 1921ஆம் ஆண்டின் பக்கிங்காம்–கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் விலகி வேலைக்குச் சென்றதும், புளியந்தோப்பில் கலவரம் மூண்டதும் வரலாறு. அவர்களைக் கருங்காலிகள் என்று எழுதுவது எளிது. சங்கத்துக்குள் அவர்களின் இடம் என்னவாக இருந்தது என்று கேட்டவர் குறைவு.

அம்பேத்கர் இவ்விரு பக்கத்தையும் கண்டவர். 1938 பிப்ரவரியில் மன்மாடில், ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளரின் இரு பகைகள் என்றார். அவ்வாண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கிய பம்பாய் மசோதாவுக்கு எதிரான ஒருநாள் வேலைநிறுத்தத்தில் முன்நின்றார். வைசிராய் அவையின் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, தகுதியுள்ள சங்கத்தை வேலையளிப்பவர் கட்டாயமாக அங்கீகரிக்க வேண்டும் என்ற மசோதாவை 1943இல் கொண்டுவந்தார். அந்த முயற்சி 1947இல் திருத்தச் சட்டமாக நிறைவேறியது. ஆனால் நடைமுறைக்கு வரவேயில்லை. சங்கம் அமைக்கலாம், அதனோடு பேசவேண்டிய கடமை முதலாளிக்கு இல்லை என்ற இடைவெளி பல பத்தாண்டுகள் அப்படியே விடப்பட்டது.

ஒப்பந்ததாரரின் மஸ்டர்

இப்போது மஸ்டருக்குத் திரும்புவோம். பட்ஜ் பட்ஜ் தீர்ப்பு கொடுத்த கருவி, வேலையளிப்பவர் நகராட்சியாக இருந்த காலத்துக்கு உரியது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளின் பணியிடங்களை மறுவரையறை செய்த 2022 அக்டோபர் மாதத்து 152ஆம் எண் அரசாணை, நிரந்தரத் தூய்மைப் பணியிடங்களைச் சுருக்கி வெளிமுகமைக்கு வழிவிட்டது. அதைத் திரும்பப் பெறவேண்டும் என்பது மாநிலம் முழுவதும் உள்ளாட்சித் தொழிலாளரின் கோரிக்கையாயிற்று. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்ததும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் தனியார்மயத்தின் மற்றோர் அத்தியாயம்.

கிராமங்களில் நிலைமை இன்னும் தளர்வானது. ஊராட்சிகளின் தூய்மைக் காவலர்கள் பெறுவதற்குப் பெயர் ‘ஊதியம்’ அன்று, மதிப்பூதியம். சத்துணவு, அங்கன்வாடி ஊழியருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம். அங்கன்வாடி ஊழியர் அரசுப் பதவி வகிப்பவர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் முன்பு சொன்னது. ஆனாலும் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அரசு எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் வேலை செய்கிறவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளராகத் திரும்பி வர முடியும் என்பதற்கு அத்தீர்ப்பு சான்று.

ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தில் சேரலாமா என்ற கேள்விக்கு விடை: சேரலாம். தகராறு எந்த வேலையளிப்பவரோடு எழுகிறதோ அவரிடம் நேரடியாக வேலை செய்யாதவரையும் உள்ளடக்கியே 1926ஆம் ஆண்டுச் சட்டம் ‘தொழிலாளர்’ என்ற சொல்லை வரையறுத்தது. நிரந்தரப் பணியாளரும் ஒப்பந்தப் பணியாளரும் ஒரே சங்கத்தில் இருக்கத் தடையில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பும், சங்கங்கள் பற்றிய அத்தியாயத்தில், தொழிலில் வேலை செய்வோர் அனைவரையும் தொழிலாளர் என்றே கொள்கிறது.

சிக்கல் அடுத்த படியில் உள்ளது. நிறுவனத்தின் மஸ்டர் ரோலில் உள்ள தொழிலாளரில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேரம்பேசும் சங்கம் என்கிறது இத்தொகுப்பு. அப்படி எதுவும் இல்லையெனில், 20 விழுக்காடு பெற்ற சங்கங்கள் பேரம்பேசும் குழுவில் அமரும். எந்த மஸ்டர்? ஒப்பந்தத் தொழிலாளரின் பெயர் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருக்கிறது. மாநகராட்சியின் பதிவேட்டில் எஞ்சியிருப்பது ஓய்வை நெருங்கும் நிரந்தரப் பணியாளர் சிலர். இவ்வாறே வாசித்தால், குப்பை அள்ளுவோரில் பெரும்பாலோர் மாநகராட்சியோடு பேசும் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் வரமாட்டார்கள். ஒப்பந்ததாரரோடு பேசலாம். அவர் ஒப்பந்தக் காலம் முடிந்தால் போய்விடுவார், அடுத்தவர் வருவார், கணக்கு மறுபடி தொடங்கும். வருங்கால வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் கேட்காமலே பிடித்தம் செய்கிற ஒப்பந்ததாரர், சங்கச் சந்தாவைப் பிடித்துக் கட்ட முன்வருவார் என எதிர்பார்க்கவும் முடியாது. சந்தாவைக் கையில் வாங்கி ரசீது தருவதே அங்கு எஞ்சும் வழி.

சட்டத்தில் ஒரு பிடிமானம் இருக்கிறது. பணிப் பாதுகாப்பு தொடர்பான 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைச் சில விலக்குகளோடு தடுக்கிறது. மையப் பணி அல்லாதவை என அது தரும் பட்டியலின் முதலிலேயே நிற்பது தூய்மைப் பணி. ஆனால் அப்பட்டியலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்நிறுவனம் அப்பணிக்காகவே நிறுவப்பட்டதாக இருக்கக் கூடாது. ஒரு நூற்பாலைக்குக் கழிப்பறை கழுவுவது துணைப் பணியாக இருக்கலாம். 1866இல் நகராட்சியாக அமைந்த திண்டுக்கல் உள்ளாட்சிக்குக் குப்பை அகற்றுவது துணைப் பணியா? தைப்பூசக் காலத்தில் நத்தம் சாலையிலும் ஒட்டன்சத்திரம் சாலையிலும் பழனிக்கு நடக்கும் கூட்டம் விட்டுச்செல்லும் குப்பையை அள்ளுகிறவரிடம் இதைக் கேட்டால் விடை கிடைத்துவிடும். இந்த வாதத்தைச் சங்கங்கள் நீதிமன்றத்தில் வலுவாக முன்வைக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

அதுவரை செய்யக்கூடியவை சில. ஒப்பந்ததாரர் ஊதியம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான உள்ளாட்சி தரவேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்து இன்றுவரை தொடர்கிறது. வைப்பு நிதிப் பங்களிப்புக்கும் அவ்வாறே. ஆகவே சங்க உறுப்பினர் படிவத்தில் வேலையளிப்பவர் பெயரை எழுதும் இடத்தில் ஒப்பந்ததாரரோடு மாநகராட்சி அல்லது ஊராட்சியின் பெயரையும் எழுத வேண்டும். வார்டு எண், வேலைக்குச் சேர்ந்த நாள், வைப்பு நிதியின் யுஏஎன் எண், ஈ.எஸ்.ஐ. எண் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். சந்தா ரசீதுகளை ஆண்டுவாரியாகச் சேர்த்து வைக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பழைய மஸ்டரின் நகலைச் சங்கம் கேட்டுப் பெற வேண்டும். இத்தனை ஆண்டுகள் ஒரே தெருவில் ஒரே உள்ளாட்சிக்காக வேலை செய்தோம் என்று தொழிலாளர் நீதிமன்றத்தில் சொல்ல நேரும்போது, அவர்கள் கையில் இருக்கப்போகும் ஆவணங்கள் இவையே.